போகாத எட்டு சனிக்கிழமைகள்

பிப்ரவரி 8, சனி

ஏழரைக்கெல்லாம் படகில் ஏறிவிட்டோம். படகுக்காரர் கோதண்டம் மோட்டார் கயிற்றை மூன்று முறை இழுத்த பிறகுதான் பிடித்தது. பனி விலகவில்லை. ரோஸ்மேரி முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

உப்பளவு: கடல் ஏரிக்குள் வருகிற முகத்துவாரம் 31, நடு ஏரி 28, பள்ளிக்கூடத்துத் துறை 26. கடல் என்றால் 35. மழைத்தண்ணீர் இன்னும் ஏரிக்குள் இருக்கிறது, அதனால் குறைவு. வெயில் ஏற ஏற எண்ணும் ஏறும்.

சென்னையிலிருக்கிற கடல் ஆராய்ச்சி நிலையம் கடலோரப் பள்ளி ஆசிரியர்களை வாராவாரம் உப்பை அளந்து அனுப்புகிற இந்த வேலைக்குச் சேர்த்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. பனையடிக்குப்பம் உயர்நிலைப்பள்ளியிலிருந்து அறிவியலுக்கு நான், கணக்குக்கு ரோஸ்மேரி. பயிற்சியின்போது ஒருநாள் கப்பலில் கூட்டிப்போனார்கள். அவளுக்கு வாந்தி. எனக்கும்தான், நான் சொல்லவில்லை.

இன்று அவள் அதிகம் பேசவில்லை. என்ன என்று கேட்டேன். "தூக்கம்" என்றாள்.

பிப்ரவரி 13, வியாழன்

தலைமையாசிரியர் ஜான்சன் சார் சர்க்குலர் நோட்டை நீட்டும்போது சொன்னார், ஏதோ பழைய செய்தி மாதிரி: "ரோஸ்மேரி டீச்சருக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்திருச்சி. ஆரம்பாக்கம். மாசக் கடைசியில ரிலீவ் பண்ணணும்."

நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்பு. என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

கடைசி மணி அடித்தபின் கேட்டேன்.

"எப்ப எழுதிக் குடுத்த?"

"டிசம்பர்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அவள் பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடினாள். "சொன்னா நீ வேணாம்னு சொல்ல மாட்ட கோமு. பேசாம இருப்ப. அத்தப் பாத்தா நான் போவ மாட்டேன். எனக்குப் போவணும். பதினோரு வருசமா அஞ்சு மணிக்கு எழுந்து மூணு வண்டி மாறி வர்றேன். பெலிக்ஸுக்கு அங்கதான் கம்பெனி. அந்த ஸ்கூல் வீட்லேர்ந்து நடந்து போற தூரம்."

கணவருக்கு வேலை அங்கே, வீடும் அங்கே. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. எனக்குக் கோபமே அதனால்தான்.

பிப்ரவரி 28, வெள்ளி

வழியனுப்பு விழா. சால்வை, மிக்சர், காபி. என்னைப் பேசச் சொன்னார்கள். "நல்ல ஆசிரியை, போற இடத்துல நல்லா இருக்கட்டும்" என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் நான் அழுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போல. ரோஸ்மேரிதான் அழுதாள்.

வாசலில், "போன் பண்ணுவியா?" என்றாள். தலையாட்டினேன்.

மார்ச் 8, சனி

முதல்முறை தனியாக. முகத்துவாரம் 32, நடு ஏரி 30, துறை 29.

விதிப்படி இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். அர்ச்சனாவிடம் போனில் சொன்னேன். எங்கள் எண்களை எல்லாம் வாங்கிச் சேர்க்கிற இளம் விஞ்ஞானி அவள். "இன்னொரு டீச்சரைப் பாருங்க மேடம். அதுவரைக்கும் நீங்களே பண்ணிடுங்க, உங்கமேல நம்பிக்கை இருக்கு" என்றாள். பள்ளியில் கேட்டுப் பார்த்தேன். சனிக்கிழமை யார் வருவார்கள்? எல்லோருக்கும் வீடு இருக்கிறது.

கோதண்டம் பேசுகிற ஆள் இல்லை. நானும் இல்லை. மோட்டார் சத்தம் மட்டும். தேவைக்கு அதிகமாகவே எண்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுதினேன் — யாருக்கு?

மார்ச் 22, சனி

33, 32, 32. ரோஸ்மேரி இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். எடுக்கவில்லை. பிறகு கூப்பிடலாம்.

ஏப்ரல் 5, சனி

34, 34, 35. முகத்துவாரம் குறுகிக்கொண்டே வருகிறது. மண்மேடு வடக்கிலிருந்து நாக்கு மாதிரி நீண்டிருக்கிறது. நடுவில் பத்துப் பதினைந்து அடிக்குத்தான் தண்ணீர் ஓடுகிறது. கோதண்டம் துடுப்பை ஊன்றி ஆழம் பார்த்தார். "இந்த வருசம் மூடிக்கும் போல" என்றார். இன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

ஏப்ரல் 12, சனி

போகவில்லை.

ஜுரம் இல்லை. தலைவலி இல்லை. பையை நேற்றே எடுத்து வைத்திருந்தேன். அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் ஆறு மணி ரயில் நின்று போனது கேட்டது. அடுத்த ரயிலும் போனது. படுத்துக்கொண்டே இருந்தேன். கோதண்டம் கூப்பிட்டார், உடம்பு சரியில்லை என்றேன். "சரி டீச்சர், பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டார்.

மதியம் சோறு வடித்தேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. இந்த வீட்டில் நான் தும்மினால்கூட யாருக்கும் தெரியாது. நாற்பத்தாறு வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் படிவத்தைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். 'இந்த வாரம் அளக்கவில்லை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தொட்டால் காரணம் கேட்கும். காரணம் என்று என்ன எழுத? தனியாகப் போகப் பிடிக்கவில்லை என்றா?

34, 35, 35 என்று போட்டு அனுப்பிவிட்டேன். போயிருந்தாலும் கிட்டத்தட்ட இதுதான் வந்திருக்கும்.

ஏப்ரல் 19, சனி

35, 35, 35. அனுப்பியாச்சு.

ஏப்ரல் 26, சனி

பரீட்சை முடிந்து நேற்றோடு பள்ளி மூடியாயிற்று. இந்த இரண்டு வாரமும் விடைத்தாள் கட்டோடு போய் வந்தேன், ஏரிப் பக்கம் தலைகூடத் திருப்பவில்லை. கோதண்டத்திடம் லீவு முடியும் வரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 35, 35, 36. அர்ச்சனா கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினாள்.

மே 10, சனி

ஆவடியில் தம்பி வீடு. ஒரு வாரமாக இங்கேதான். தம்பி மனைவி நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் நான் சமையலறைக்குள் போனால் வெளியே வந்துவிடுகிறாள். ஹாலில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. சோபாவில் உட்கார்ந்து ஏரியின் உப்பை அனுப்பினேன். 35, 36, 36.

பயம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

மே 31, சனி

36, 37, 38. எட்டாவது. திங்கட்கிழமை பள்ளி. இனிமேல் ஒழுங்காகப் போகவேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்

எப்படி எழுதுவது.

நேற்று ஷேர் ஆட்டோ பாலத்தின்மேல் ஏறியபோதே பார்த்தேன். ஏரி இல்லை. இருக்கிறது — ஆனால் கரையிலிருந்து எவ்வளவோ தூரம் உள்ளே போய்விட்டது. இடையில் எல்லாம் சேறு, வெடித்துக் கிடக்கிறது. படகுகள் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. செத்த மீன் நாற்றம்.

இன்று சாயங்காலம் துறைப்பக்கம் லோகநாயகியைப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு முடித்துப் பத்துக்கு வந்திருக்கிற செவ்வந்தியின் அம்மா. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். இங்கே அந்த வேலை செய்கிற பெண்களுக்கெல்லாம் சங்கத் தலைவியும் அவள்தான்.

"முகத்துவாரம் எப்ப மூடிச்சி?" என்றேன்.

"சித்தர பொறந்து ரெண்டாம் நாளு. ராவோட ராவா மண்ணத் தள்ளிக்கினு வந்து அடைச்சிருச்சி. இப்போ அதும்மேலயே நடந்து போவலாம். எறாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணியில காலு வெச்சா எரியிது." காலைத் தூக்கிக் காட்டினாள். விரலிடுக்கெல்லாம் புண். "உங்களுக்குத் தெரியாதா டீச்சர்? சனிக்கெழமையானா வந்துருவீங்களே."

"லீவுல ஊருக்குப் போயிட்டேன்" என்றேன்.

அவளிடம் சொன்னது உண்மை. அர்ச்சனாவிடம் சொன்னது?

சித்திரை இரண்டு என்றால் ஏப்ரல் பதினைந்து. கடல் உள்ளே வராத ஒன்றரை மாதம். அந்த ஒன்றரை மாதமும் நான் கடல்தண்ணீரின் எண்ணையே அனுப்பியிருக்கிறேன்.

ஜூன் 7, சனி

போனேன். பாதித் தூரம் கோதண்டம் இறங்கிப் படகைத் தள்ளினார். நானும் இறங்கினேன். எரிகிறது, அவள் சொன்னது சரிதான்.

முகத்துவாரம் 47. நடு ஏரி 50. துறை 53.

மூன்று தடவை கருவியின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று.

வீட்டுக்கு வந்து படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். போன வாரம் 38, இந்த வாரம் 53 என்றால் யார் நம்புவார்கள். உடனே கூப்பிட்டுக் கேட்பாள். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் இரண்டு மாதத்தில் சரியாகிவிடும் —

39, 40, 41 என்று அனுப்பினேன்.

முன்னால் செய்தது சோம்பல் என்றாவது சொல்லலாம். இன்று உண்மை என் கையில் இருந்தது. நோட்டில் ஒன்று, படிவத்தில் ஒன்று.

ஜூன் 11, புதன்

பத்தாம் வகுப்புச் சுவரில் பிள்ளைகளின் வரைபடம் இருக்கிறது. ஆறு சார்ட் தாளை ஒட்டி நீளமாக, வாரத்துக்கு ஒரு கட்டம். முகத்துவாரத்துக்கு நீலம், நடு ஏரிக்குப் பச்சை, துறைக்குச் சிவப்பு. இந்த வருடம் மாவட்டக் கண்காட்சிக்கு எடுத்துப்போவதாக இருக்கிறார்கள். லீவு எண்களைக் கேட்டார்கள். கொடுத்தேன். செவ்வந்தி ஸ்கேல் வைத்து வரைந்தாள்.

வரைந்து முடித்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"டீச்சர், அம்மா மூடிக்கிச்சின்னு சொன்னது இந்தக் கட்டத்துல. ஆனா கோடு நேரா போவுதே. நீங்கதானே சொன்னீங்க, கடல் உள்ள வரலைன்னா வெயில்ல தண்ணி வத்தி உப்பு ஏறும்னு."

இருபத்தொரு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். இவ்வளவு சரியான கேள்வியை ஒரு பிள்ளை கேட்டதில்லை.

"பெரிய ஏரிம்மா. மெதுவாத்தான் மாறும்" என்றேன்.

சரி டீச்சர் என்று உட்கார்ந்துவிட்டாள். நான் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று. இத எங்க போய்ச் சொல்றது. யாருகிட்ட சொல்றது.

ஜூன் 14, சனி

48, 51, 54. அனுப்பியது 42, 43, 45.

திரும்பி வரும்போது கோதண்டம் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

"லீவுல வேற யார் படகுலயாவது வந்தீங்களா டீச்சர்?"

"இல்ல."

"ஸ்கூல் சுவத்துல லீவு நெம்பர்லாம் இருக்குதாம். பசங்க பேசிக்கினாங்கோ."

நான் நோட்டைப் பைக்குள் வைத்தேன். அவர் கழியை எடுத்து ஊன்றினார், எடுத்து ஊன்றினார். கரை வந்ததும் எப்போதும்போல என் பையை வாங்கி மேலே வைத்தார்.

ஜூன் 24, செவ்வாய்

மதியம் லோகநாயகி பள்ளிக்கு வந்தாள். தனியாக இல்லை, இன்னும் இரண்டு பெண்கள். வெயிலில் வந்த முகம். தண்ணீர் கொடுத்தேன், நின்றபடியே குடித்தார்கள்.

முகத்துவாரத்தை வெட்டிவிட மெஷின் அனுப்பச் சொல்லி மீன்வளத்துறை அலுவலகத்தில் மனு கொடுக்கப் போயிருக்கிறார்கள். அதிகாரி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஒரு தாளை எடுத்துக் காட்டினாராம்.

"ஏப்ரல், மே எல்லாம் ஏரித்தண்ணி நல்லாத்தான் இருந்துச்சாம். கணக்கு சொல்லுதாம். ஜூன் மாசந்தான் மூடியிருக்கும், அலை ஏறினா தானா தொறந்துக்கும், பொறுங்கன்னு அனுப்பிட்டாரு. நாங்க இன்னா பொய்யா சொல்றோம்? ரெண்டு மாசமா ஒரு எறா கெடைக்கல. ஆம்பளைங்க எண்ணூர் பக்கம் கூலிக்குப் போயிக்கினு இருக்காங்க. எந்த மகராசன் எழுதினான்னு தெரியல அந்தக் கணக்க." அவள் என் மேசைமேல் கையை ஊன்றினாள். "அந்த ஆராய்ச்சிக்காரங்கள உங்களுக்குப் பழக்கம் இருக்கே. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க. சொல்லுங்க டீச்சர்."

"சொல்றேன்" என்றேன்.

அவர்கள் போன பிறகும் மேசையில் அவள் கையின் ஈரம் இருந்தது. மணி அடித்தது. அடுத்த வகுப்புக்குப் போனேன்.

ஜூன் 25, புதன்

போனை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன்.

ரோஸ்மேரி இருந்தால் இது நடந்திருக்காது — இப்படித்தான் இத்தனை நாள் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இன்று எழுதிப் பார்த்தால் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது. அவளா எண்ணைப் போட்டாள்?

ஜூன் 26, வியாழன்

மதிய இடைவேளையில் ஆய்வுக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அர்ச்சனாவைக் கூப்பிட்டேன்.

சொன்னேன்.

"ஏப்ரல், மே முழுக்கவா மேடம்?"

"எட்டு வாரம். அப்புறம் மூணு வாரம் அளந்தேன். ஆனா குறைச்சு அனுப்பினேன்."

"அளந்தது எழுதி வச்சிருக்கீங்களா?"

"நோட்டுல இருக்கு."

"அதத் தொலைச்சிடாதீங்க."

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. எதையோ திறந்து பார்க்கிறாள் போல.

"சேட்டிலைட் படத்தப் பாத்திருந்தாலே மூடினது தெரிஞ்சிருக்கும் மேடம். உங்க நம்பர் இருந்ததால நாங்க பாக்கல. மத்த டீச்சர்ஸ்கிட்ட உங்களைத்தான் சொல்லுவேன். துணைக்கு ஆள் இல்லாமயே ஒரு வாரம்கூட விடாம அனுப்பறாங்கன்னு."

திட்டியிருக்கலாம்.

எழுத்தில் அனுப்பச் சொன்னாள். என்னைத் திட்டத்தில் வைத்திருக்க முடியாது என்றும் சொன்னாள். கருவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "உங்ககிட்ட இதச் சொல்ல எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றாள். என் வயதில் பாதிதான் இருக்கும்.

ஜூன் 28, சனி

49, 52, 55. இதை அப்படியே அனுப்பினேன்.

கடிதமும் அனுப்பினேன். முதலில் எழுதியது இரண்டு பக்கம் வந்தது. துணை ஆசிரியர் மாறுதல், வெயில், உடல்நிலை, விடுமுறை. படித்துப் பார்த்து எல்லாவற்றையும் அடித்தேன். கடைசியில் நின்றது ஆறு வரி. எந்தெந்தத் தேதி நான் போகவில்லை, எந்தெந்தத் தேதி மாற்றி அனுப்பினேன், உண்மையான எண் எவை. நகல் ஜான்சன் சாருக்கும்.

ஜூலை 5, சனி

கடிதம் போனால் போதும், ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்றார் ஜான்சன் சார். "ஸ்கூல் பேரு கெடும் டீச்சர்." அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் லோகநாயகி தினமும் கேட்கிறாள், சொன்னீங்களா டீச்சர், இன்னா சொன்னாங்கோ என்று.

காலை பத்து மணிக்கு வலை வைக்கிற கொட்டகையில் கூட்டம், நான் கேட்டுக்கொண்டபடி லோகநாயகி கூட்டியது. ஒரு நாற்பது பேர் இருப்பார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை.

"அந்தக் கணக்கை எழுதினது நான்தான். ஏப்ரல், மே மாசத்துல நான் ஏரிக்கு வரவே இல்ல. வராமலே எண்ணைப் போட்டு அனுப்பினேன்."

பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. "இன்னா சொல்றாங்கோ?" என்றார்கள். இரண்டாவது தடவை சொல்லவேண்டியிருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

யாரோ ஒருவர், "படிச்சவங்க வேலையே இதான்" என்றார். இன்னொருவர் எழுந்து போய்விட்டார். லோகநாயகி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வரலைன்னா வரலைன்னு எழுதியிருக்கலாம் இல்ல? யாரு உங்கள அடிக்கப் போறாங்க?"

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"இல்லாங்காட்டி எங்கிட்டயாவது கேட்டிருக்கலாம். தெனைக்கும் அந்தத் தண்ணியிலதான் நிக்கிறேன். நான் சொல்லியிருப்பேனே."

கோதண்டம் கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். "எனக்கும் தெரியும். டீச்சர் லீவுல வரலைன்னு. டீச்சர் மானம் போவுமேன்னு நான் வாயத் தொறக்கல" என்றார்.

லோகநாயகி அவர் பக்கம் திரும்பினாள். "அவங்க மானம் உனக்குப் பெருசு. எங்க அடுப்பு பெருசில்ல."

நான் வெளியே வந்தேன். ஆட்டோ கிடைக்கவில்லை, பாலம்வரை நடந்தேன்.

ஜூலை 7, திங்கள்

பத்தாம் வகுப்பு. எல்லோருக்கும் வீட்டில் தெரிந்திருந்தது. ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"போன மாசம் செவ்வந்தி ஒரு கேள்வி கேட்டா. நான் தப்பான பதில் சொன்னேன். தெரிஞ்சே சொன்னேன். அவ கேட்டதுதான் சரி" என்றேன்.

சுவரின் முன்னால் அவளைக் கூப்பிட்டேன். அவளுக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. "கிழிச்சிடலாமா டீச்சர்?"

"வேணாம். அந்த எட்டு எண்ணையும் அடி. அடிச்சது தெரியணும். கீழ 'அளக்கவில்லை'ன்னு எழுது. ஜூன் மூணு வாரத்துக்கு இந்த எண்ணைப் போடு."

எட்டுத் தடவை எழுதினாள். அழகான கையெழுத்து. 'அளக்கவில்லை' எழுதச் சின்ன இடம்தான் இருந்தது, எழுத்தைச் சுருக்கிச் சுருக்கி எழுதினாள். வகுப்பு முழுக்கப் பேனா கீறும் சத்தம் மட்டும். அதன்பிறகு 47 போட்டதும் கோடு செங்குத்தாக ஏறியது. பின்பெஞ்சில் யாரோ, "யப்பா" என்றான்.

ஜூலை 16, புதன்

நான் போனால் மீன்கடைப் பக்கம் பேச்சு நிற்கிறது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. டீச்சர் என்று கூப்பிடுவதும் இல்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் மிகவும் மரியாதையாக இருக்கிறார்கள்.

நிலையத்திலிருந்து ஜான்சன் சாருக்குக் கடிதம். என் எண்கள் நீக்கப்பட்டன. சேட்டிலைட் படத்தின்படி முகத்துவாரம் ஏப்ரல் மத்தியிலேயே மூடிவிட்டது என்று மீன்வளத்துறை அலுவலகத்துக்குத் திருத்தம் போயிருக்கிறது. எனக்கு ஒரு மெமோ.

ஜூலை 20, ஞாயிறு

கதவைத் தட்டும் சத்தம். பால்காரர் என்று நினைத்தேன். ரோஸ்மேரி.

ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்திருக்கிறாள். யாரோ சொல்லித் தெரிந்திருக்கிறது. செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்: "என்னாலயா கோமு?"

"இல்ல."

"உண்மையச் சொல்லு."

"உன்னாலன்னு ரொம்ப நாள் நெனச்சேன். நீ போனது உன் விஷயம். பொய் எழுதினது என் விஷயம்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "போன் எடுத்திருக்கலாம் இல்ல. பதினேழு தபா பண்ணேன். எண்ணி வச்சிருக்கேன்."

"ஆமா. எடுத்திருக்கலாம்."

சோறும் முருங்கைக்காய் சாம்பாரும் வைத்தேன். சாப்பிட்டோம். புதுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர்கள் நான்கு பேராம், இவளுக்குப் பேச்சுத்துணை இல்லையாம். நாலு மணி ரயிலுக்கு ஸ்டேஷன்வரை போனேன். முன்பு போல இல்லை. ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்துப் பேசினோம். ஆனால் வந்தாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

முகத்துவாரத்துக்கு இரண்டு பொக்லைன் வந்திருக்கின்றன என்று பிள்ளைகள் சொன்னார்கள். இடைவேளையில் எல்லோரும் மாடிக்கு ஓடினார்கள். நானும் ஏறினேன். தூரத்தில் மஞ்சளாகச் சின்னதாகத் தெரிந்தது, தலை குனிந்து எழுந்து.

ஆகஸ்ட் 9, சனி

இன்று கடல் உள்ளே வந்துவிட்டதாம். ஊரே போயிருக்கிறது. நான் வீட்டில் துணி துவைத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அர்ச்சனா பள்ளிக்கு வந்தாள். கருவி, வெப்பமானி, தெளிவு பார்க்கிற தட்டு — எல்லாவற்றையும் சரிபார்த்து வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டேன். பிறகு என்னிடம் விடைபெற்றுக்கொண்டு, லோகநாயகி வீடு எங்கே என்று செவ்வந்தியிடம் கேட்டு நடந்துபோனாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மாலை பள்ளி விடும் நேரம். லோகநாயகி வாசலில் நின்றிருந்தாள். ஜூலைக்குப் பிறகு இன்றுதான் என்னிடம் பேசினாள்.

நிலையம் கருவியைச் சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறது. இனிமேல் பெண்களே அளப்பார்கள். எண் பார்ப்பதற்கு அர்ச்சனா இரண்டு நாள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எழுதி அனுப்ப ஒரு ஆள் வேண்டும்.

"எழுதத் தெரிஞ்சவங்க வேற யாரும் இல்லாம உங்களக் கூப்புடல. எம் பொண்ணே எழுதுவா. ஆனா அவ படிக்கட்டும்" என்றாள். பிறகு, "நீங்க இனிமே தப்பா எழுதப் பயப்படுவீங்க. அதுக்குத்தான்."

நிலையத்துக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், பேர் எங்க பேருதான் போவும், உங்க பேரு போவாது என்றாள்.

"சரி" என்றேன்.

ஆகஸ்ட் 30, சனி

படகில் ஆறு பேர். லோகநாயகி, அவளோடு இறால் தடவுகிற மூன்று பெண்கள், கோதண்டம், நான். பெண்கள் அவர்களுக்குள் பேசிக்கொண்டு வந்தார்கள். கூலிக்குப் போனவர்களில் யார் யார் திரும்பி வந்தார்கள், யார் வரவில்லை. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் நோட்டில் தேதியும் நேரமும் எழுதி வைத்தேன்.

முகத்துவாரத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே வந்தது. லோகநாயகி கருவியைக் கண்ணில் வைத்து, சூரியன் பக்கம் திரும்பி, ரொம்ப நேரம் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். அவளும் பார்த்தாள். "முப்பத்தாறு" என்றார்கள் இருவரும். எழுதினேன். நடு ஏரி 41. துறை 45. எண் இன்னும் இறங்கவேண்டும்.

கரைக்கு வந்ததும், "எழுதினத படிங்க" என்றாள்.

தேதி, நேரம், இடம், எண் என்று வரிசையாகப் படித்தேன். என் குரல் எனக்கே வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

"இன்னொரு தபா."

மறுபடி படித்தேன். நான்கு பெண்களும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருத்திக்குப் பேர் எழுத வெகுநேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

லோகநாயகி நோட்டை என் கையிலிருந்து வாங்கி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். "இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

போகும்போது பாதித் தூரத்தில் திரும்பி, "அடுத்த வாரம் ஏழு மணி. தண்ணி எறங்கறதுக்குள்ள வந்துருங்க டீச்சர்" என்றாள்.